பயந்தான் முனை

மச்சான்,

இன்று பெயிண்ட் வாசனையில் உன் நினைவு வந்தது. சும்மா வரவில்லை, மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது. நம் குப்பத்துக்குத் தெற்கே பாறை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதற்குப் பின்னால் இருந்த சவுக்குத் தோப்பை வாங்கி ஓட்டல் கட்டியிருக்கிறார்கள். நீ போய்ச் சேர்ந்த பிறகு வந்த ஓட்டல். காலையில் அந்தப் பக்கம் நடந்துபோனேன். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். இந்த வயதில் இப்படி ஓர் இதயத்தைத் தான் பார்த்ததே இல்லை என்றும் சொன்னார், அது வேறு கதை. பாறையின் மேல் இரண்டு ஆட்கள் ஒரு பலகையை நட்டுக்கொண்டிருந்தார்கள். நீலப் பலகை, வெள்ளை எழுத்து, ஈரம் காயவில்லை. 'சன்ரைஸ் பாயிண்ட்' என்று இங்கிலீஷில் ஒரு தரம், தமிழ் எழுத்தில் ஒரு தரம்.

"இன்னாபா இது, புதுப் பேரு?" என்றேன்.

"ஓட்டல்ல வெச்ச பேரு பெரியவரே. போட்டோ புடிக்க வர்றவங்களுக்கு."

"இதுக்கு ஏற்கெனவே ஒரு பேரு கீது."

"இன்னா பேரு?"

பிரஷ் பிடித்திருந்தவன் திண்டிவனம் பக்கத்துப் பையன். அவனிடம் சொல்ல ஆரம்பித்தால் பெயிண்ட் காய்ந்து, உரிந்து, மறுபடி அடிக்க வேண்டிவரும். "பொறவு சொல்றேன்" என்று திரும்பி வந்துவிட்டேன். வந்து, உன் தங்கையிடம் ஒரு பேனா கேட்டு உட்கார்ந்தேன். நான் எழுதினால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். மாமல்லபுரத்தில் எட்டாவது வரை படித்தவன். ஒன்பதாவது போகாததற்குக் காரணம் கணக்கு வாத்தியாரின் பொறாமை என்று உனக்குப் பல தரம் சொல்லியிருக்கிறேன். நீயும் ஒவ்வொரு தரமும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டாய். அப்படிக் கேட்க இப்போது ஆள் இல்லை.

நான் உங்கள் வீட்டு மாப்பிள்ளையானது எழுபதுகளின் தொடக்கத்தில். கல்பாக்கத்தில் பெரிய பெரிய கிரேன்களைக் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டிருந்த காலம். நான் நெம்மேலிப் பக்கத்து ஆள், சைக்கிளில் மீன் வியாபாரம். பின்னால் கூடை கட்டி, விடியலில் கரையில் ஏலம் எடுத்து, வெயில் ஏறுவதற்குள் திருக்கழுக்குன்றம் தாண்டிச் செங்கல்பட்டு போய்விடுவேன். அந்த நாளில் என் சைக்கிள் மணி கேட்டால் தாசில்தார் ஜீப்பே ஓரம் கட்டும். (ஒரு தரம் கட்டியது. பஞ்சர் என்று நீ சொன்னாய். நீ எப்போதும் அப்படித்தான்.) உன் கரையில் மீன் எடுக்க வந்தபோதுதான் உன் தங்கையைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள், என்ன பார்த்தாள் என்பதை இன்றுவரை சொல்லவில்லை.

கல்யாணத்தன்று பந்தலில் என் கூட்டாளி ஒருவன் காதோடு சொன்னான்: "இன்னா மாப்ள, போயும் போயும் பயந்தான் வூட்டுலயா பொண்ணு எடுத்தே?" சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குப் புரியவில்லை. நீ பக்கத்தில் மாலையோடு நின்றிருந்தாய். நீ குள்ளம், மாலை உன் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த வார்த்தை உன் காதில் விழுந்த மாத்திரத்தில் உன் முகம் அவிந்த அடுப்பு மாதிரி ஆனதைப் பார்த்தேன். உன் நைனா அந்தப் பக்கம் விருந்தாளிகளுக்கு வெற்றிலைத் தட்டு நீட்டிக்கொண்டிருந்தார். அவர் காதிலும் விழுந்திருக்கும். தட்டு ஆடவில்லை.

நான் உங்கள் குப்பத்திலேயே குடியேறிய பிறகு உன் தங்கைதான் எனக்குக் கதை சொன்னாள். உன் நைனா இளவட்டமாக இருந்தபோது, ஒரு நாள் விடிகாலையில் குப்பத்துக் கட்டுமரங்கள் எல்லாம் தெற்கே தொழிலுக்குப் போயின. முன்னால் போனது உன் நைனாவின் கட்டுமரம். பாறை முனைக்கு வந்ததும் அவர் தண்ணீரைப் பார்த்தார், என்னவோ பிடிக்கவில்லை, மரத்தைத் திருப்பிவிட்டார். முன்னே போனவர் திரும்பியதால் பின்னே வந்தவர்களும் முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார்கள். அன்றைக்கென்று பார்த்து, பொழுது ஏறியதும் கடல் குளம் மாதிரி படுத்துக்கொண்டது. தெற்கத்திக் குப்பத்துக்காரர்கள் வலை கிழியக் கிழிய மீன் கொண்டுவந்தார்கள். நம் குப்பத்தில் அன்று கஞ்சிதான். "இவன் பயந்தான், நாம பட்டினி" என்று யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து அவர் பேர் பயந்தான். அவர் திரும்பிய இடம் பயந்தான் முனை.

அவ்வளவுதான் விஷயம். ஒரு மனிதன் ஒரு காலையில் திரும்பினான், அவன் வீட்டுக்கே பேர் வந்துவிட்டது. நீ பயந்தான் மகன், உன் தங்கை பயந்தான் மகள். நான், யாருக்கும் அஞ்சாதவன், செங்கல்பட்டு மார்க்கெட்டில் ஒற்றை ஆளாகப் பத்துப் பேரைச் சமாளித்தவன், பயந்தான் மருமகன்.

இப்போது அந்த முனையைப் பற்றி எழுத வேண்டும். கரையிலிருந்து பார்த்தால் அதில் பயப்பட ஒன்றும் இல்லை. யானை முதுகு மாதிரி ஒரு கரும்பாறை, அதன்மேல் ஆடு ஏறி நிற்கும், பெண்கள் நெத்திலி காயவைப்பார்கள். பாறை கடலுக்குள் கொஞ்ச தூரம் போய் முடிந்துவிட்டது என்று நினைப்போம். முடியவில்லை. தண்ணீருக்கடியில் அது வால் மாதிரி நெடுந்தூரம் போகிறது. கடல் நன்றாக இருக்கும் நாளில் அந்த வாலின் மேலேயே மரம் வழுக்கிக்கொண்டு போய்விடும். தெற்கேயிருந்து நீர் வேகமாக ஓடிவரும் நாளில் வாலின் மேல் தண்ணீர் திடீரென்று எழும்பும். முதலில் ஒரு வெள்ளைக் கோடு, கோழி இறகு மாதிரி. அதைப் பார்த்த நொடியில் திரும்ப வேண்டும். திரும்பாத மரம் கவிழும், கவிழ்ந்தவன் பாறையில் அடிபடுவான்.

இதெல்லாம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடலில் ஒரு பழக்கம் இருப்பதையும் நீதான் சொன்னாய். முன்னால் போகிற மரத்துக்காரன் அந்த வெள்ளையைப் பார்த்தால் திரும்பிக்கொண்டே வாயைக் குவித்து "பயந்தான்!" என்று கூவுவான். அது காதில் விழுந்த அடுத்த மரத்துக்காரனும் திரும்பிக்கொண்டே கூவ வேண்டும். அப்படியே கடைசி மரம் வரை குரல் போகும். ஆரம்பத்தில் கேலிக்குத்தான் கூவியிருப்பார்கள், உன் நைனாவுக்குக் கேட்கட்டும் என்று. வருஷம் போகப் போக அதுவே வேலைக்கு ஆகிவிட்டது. 'டேய்' என்று கூவினால் கடலில் யாரும் திரும்ப மாட்டான், நாள் முழுக்க யாரோ யாரையோ டேய் போட்டுக்கொண்டிருப்பான். இந்த ஒரு வார்த்தைக்குத்தான் கை தானாகத் துடுப்பைத் திருப்பும்.

நீ மட்டும் கூவ மாட்டாய். உன் மரத்தில் அந்த வேலை உன் கூட்டாளி கன்னியப்பனுடையது. அவன் முன்னால் நின்று கூவுவான், நீ பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு திருப்புவாய். கரையிலும் அந்தப் பாறையை 'அந்தாண்ட', 'தெற்கால' என்றுதான் சொல்வாய். பிறந்தது முதல் அந்த வார்த்தை உன் வாயிலிருந்து வந்ததில்லை என்று கன்னியப்பன் சொல்வான். நைனா செத்துப்போன பிறகும் வரவில்லை. அவர் பாயில் படுத்து, பேரப்பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்க, மீன் குழம்பு நாலு வாய் சாப்பிட்டுவிட்டுப் போனார். கடல்காரனுக்கு அதுவே பெரிய சம்பாத்தியம் என்று நான் சொன்னேன்.

அதற்கு அடுத்த வருஷம் சர்வே ஆட்கள் வந்தார்கள்.

மூன்று கால் வைத்த கண்ணாடிக் கருவி, அதற்கு ஒரு குடை, சிவப்பும் வெள்ளையும் பூசிய கம்புகள், ஒரு கொடி. கடற்கரையை அளந்து புது மேப் போடப்போகிறார்களாம். அவர்களுக்குத் தலைவரான சர்வேயர் சேலம் பக்கத்து மனிதர். கடலை அதற்கு முன் பார்த்தது கம்மி, காலை நனைக்கவே யோசிப்பார். நல்ல மனிதர். குப்பத்தில் ஏட்டுப் படிப்பு உள்ளவன் யார் என்று விசாரித்திருக்கிறார், எல்லா விரலும் என்னைக் காட்டியிருக்கிறது. அவர் அளந்தது பாதி, நான் சொல்லிக் குறித்தது பாதி என்றால் மிகையாகாது. ஒவ்வொரு இடத்துக்கும் பேர் கேட்பார். ஊர்க்காரர் மூன்று பேரைத் தனித்தனியாகக் கேட்டு, மூன்று பேரும் ஒரே பேரைச் சொன்னால்தான் மேப்பில் ஏற்றுவார். அவருடைய வழக்கம் அது.

அன்று மாலை நீ என் வீட்டு வாசலுக்கு வந்தாய். நான் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். வழக்கமாக வந்ததும் தங்கையிடம் டீ கேட்பாய். அன்று கேட்கவில்லை.

"மச்சான், அந்த சர்வே சாரு நாளைக்கு தெற்கால வர்றாராமே."

"வர்றாரு. நான் இல்லாம அவரு ஒரு அடி எடுத்து வெக்க மாட்டாரே."

"அந்த பேர எய்திகினு பூடுவாரா?"

"கேட்டா ஜனங்க சொல்லத்தானே செய்யும்."

நீ மணலைப் பார்த்துக்கொண்டு பேசினாய். "குப்பத்துல சொல்றது குப்பத்தோட பூடும் மச்சான். சொல்றவன் செத்தா பேரும் செத்துடும். மேப்புல ஏறிச்சின்னா? என் புள்ள இஸ்கூலு போறான். நாளைக்கு வாத்தியாரு மேப்ப மாட்டி குச்சியால காட்டுவாரு, இதான் பயந்தான் முனைன்னு. எல்லா புள்ளையும் அவன திரும்பி பாக்கும். எங்க நைனா செத்தும் நிம்மதி இல்லையா?"

உள்ளே உன் தங்கை அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டாள்.

"இன்னா செய்யணும் சொல்லு" என்றேன்.

"நீதான் வாயத் தொறந்தா ஊரு, கோட்டை எல்லாம் கட்டுவியே. ஒரு பேரு கட்டிக் குடு."

இதைவிட எனக்கு யார் பெரிய மரியாதை செய்தார்கள்? சங்கிலிக்கு எண்ணெய் விட்டு முடிப்பதற்குள் பேர் தயார். 'ராஜமுனை.' மாமல்லபுரத்துக் கோயில்களைக் கட்டிய ராஜா, தன் கப்பல்கள் திரும்பி வருவதைப் பார்க்க இந்தப் பாறையில்தான் வந்து நிற்பார். பாறையில் இருக்கும் அந்தப் பள்ளம் அவர் கைத்தடி ஊன்றிய இடம். குப்பத்துப் பெண்கள் அவருக்கு நெத்திலி வறுத்துக் கொடுத்தார்கள், ராஜா இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நெத்திலியைக் கேட்டதும் நீ சிரித்துவிட்டாய். ஒரு வாரமாக நீ சிரித்து நான் பார்க்கவில்லை.

மூன்று பேர் வேண்டுமே. நான் ஒருவன். குப்பத்து நாட்டாமைப் பெரியவர் ஒருவர், அவருக்கு உன்மேல் பிரியம். மூன்றாவது நீ. கன்னியப்பனைக் கேட்டோம். "நான் பொய் சொன்னா மூஞ்சி காட்டிக் குடுத்துடும், என்ன வுட்டுடு" என்று ஓடிவிட்டான்.

மறுநாள் நான் சொன்னதை சர்வேயர் சார் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். பெரியவரும் ஒழுங்காகச் சொன்னார், ஆனால் ராஜாவோடு ராணியும் வந்தாள், ராணிக்கு மீன் வாடை ஆகாது என்று சொந்தச் சரக்கைச் சேர்த்துவிட்டார். இந்தத் தொழிலில் நான் ஒருவன் போதும் என்று அவருக்குத் தெரியவில்லை. சார் அதையும் ரசித்துவிட்டு, "மூணாவது ஆளைக் கடல்ல வெச்சுக் கேட்டுக்கறேன். இந்தப் பாறை தண்ணிக்குள்ள எவ்வளவு தூரம் போகுதுன்னு நேர்ல பாக்கணும். என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்றார்.

அதற்கு அடுத்த நாள் காலையில் புறப்பட்டோம். கட்டுமரத்தில் இடம் ஏது? கன்னியப்பனைக் கரையில் விட்டுவிட்டு நடுவில் சாரை உட்கார வைத்தோம். அவர் தொப்பியை ஒரு கையாலும் கயிற்றை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டார். முன்னால் நான், பின்னால் நீ. முதலில் துடுப்பை என்னிடம்தான் கொடுத்தாய். நான் போட்ட போட்டுக்கு மரம் நேராக ஆப்பிரிக்காவே போயிருக்கும். கொஞ்ச நேரத்தில் நீ வாங்கிக்கொண்டாய், விருந்தாளியைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று. வடக்கே மாமல்லபுரத்து லைட் ஹவுஸ், மேற்கே தூரத்தில் திருக்கழுக்குன்றத்து மலை. இரண்டையும் காட்டி, "இத்த வெச்சித்தான் சார் நாங்க எங்க கீறோம்னு பாப்போம்" என்று நீ சொன்னாய். சார் தலையாட்டினார். அவருக்கு இரண்டும் தெரிந்ததா என்று எனக்குச் சந்தேகம், கண்ணை மூடியிருந்தார்.

அன்று காலையில் தின்ற வடை சரியில்லை. மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு வடை, அதைத் தின்று பெரிய பெரிய பயில்வான்களே படுத்திருக்கிறார்கள். முனைக்குப் பக்கத்தில் போகும்போது நான் மரத்தின் ஓரமாகத் தலையைச் சாய்த்து அந்த வடையைக் கடலுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் நடந்ததில் எனக்குப் பங்கில்லாமல் போயிற்று.

நமக்கு முன்னால் நல்ல தூரத்தில் ஒரு மரம் போய்க்கொண்டிருந்தது. பின்னால் இன்னொன்று. அதில் இரண்டு இளவட்டங்கள், கல்யாணமாகி மாசம் திரும்பாத ஒருவனும் அவன் தம்பியும். குனிந்து வலையில் சிக்கெடுத்துக்கொண்டே பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். முன்னால் போன மரம் சட்டென்று திரும்பியது. காற்றோடு அந்தக் குரல் வந்தது.

"பயந்தா...ன்!"

வாலின் மேல் வெள்ளைக் கோடு எழும்பிக்கொண்டிருந்தது. நீ மரத்தைத் திருப்பிவிட்டாய்.

"என்ன கூப்பிடறாங்க?" என்றார் சார்.

நான் நிமிர்ந்து, "வணக்கம் சொல்றாங்க சார்" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தேன்.

முன்னால் கூவியது நமக்குக் கேட்டது. பின்னால் வந்தவர்களுக்குக் கேட்கவில்லை, காற்று குறுக்கே அடித்தது. அவர்கள் நிமிரவில்லை. நீ துடுப்பைத் தூக்கி ஆட்டினாய். "டேய், டேய்!" என்றாய். பாட்டு நிற்கவில்லை. கூவுவதற்குக் கன்னியப்பன் இல்லை. என் வாய்க்கு வேறு வேலை இருந்தது. சாருக்கு ஒன்றும் தெரியாது. நடுவில் அந்த மனிதர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நீ எந்த வார்த்தையைச் சொல்கிறாயோ அதை எழுதிக்கொண்டு போக.

நான் தலையைத் திருப்பி உன்னைப் பார்த்தேன். நம் கண் சந்தித்ததா என்று தெரியவில்லை. நீ கரையைப் பார்த்தாய், அந்த வெள்ளையைப் பார்த்தாய். எழுந்து நின்று துடுப்பை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாய். இரண்டு கையையும் வாயருகே குவித்தாய்.

"பயந்தா...ன்! பயந்தா...ன்!"

மச்சான், அந்த உடம்புக்குள் அப்படியொரு குரல் இருந்தது யாருக்குத் தெரியும்? பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. பாட்டு நின்றது. பின்னால் வந்த மரம் ஒரே திருப்பாகத் திரும்பியது. அடுத்த மூச்சில், அவர்கள் போகவிருந்த இடத்தில் தண்ணீர் எழும்பி உடைந்தது. வீட்டு உயரம். நான் பனைமர உயரம் என்று மற்றவர்களிடம் சொல்வேன், உன்னிடம் வீட்டு உயரம் என்றே சொல்கிறேன், நீயும் பார்த்தாய்.

சார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "இது வணக்கம் இல்லியே" என்றார்.

"இல்ல சார்" என்றாய். மரத்தை அமைதியான தண்ணீரில் நிறுத்திவிட்டுச் சொன்னாய். வேகமாகச் சொல்லவில்லை, அழவும் இல்லை. ஏலக் கரையில் மீன் விலை சொல்வதுபோல் சொன்னாய்.

"பயந்தான்னா எங்க நைனா சார். ஒரு நாளு இங்க வந்து பயந்து திரும்பிட்டாரு. அன்னிக்கு ஒண்ணும் நடக்கல, கடலு நல்லாத்தான் இருந்திச்சி. அதுக்கு ஊரு வெச்ச பேரு. கேலிக்கு வெச்சது. அப்புறம் இந்த வெள்ளைய பாத்தா அந்த பேர கூவ ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் இந்த எடத்துல எங்க ஆளு ஒருத்தனும் கடலோட பூடல சார்."

"உங்க அப்பாவுக்கு அது கஷ்டமா இல்லியா?"

நீ துடுப்பிலிருந்து வழிந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "அவரும் கூவினாரு சார். அவரு பேர அவரே. முன்னால போறவன் கூவுனா பின்னால வர்றவனுக்கு சொல்லித்தானே ஆவணும். தொழிலுக்குப் போன கடைசி நாளு வரைக்கும் கூவினாரு. நான்தான் இத்தினி நாளா கூவல."

உன் வாயால் நீ இவ்வளவு பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

சார் பென்சிலை எடுத்தார். "அப்ப அந்த ராஜா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நீயும் பார்த்தாய். நான் வாயைத் துடைத்துக்கொண்டு, "ராஜாவும் இங்க வந்துதான் சார் பயந்து திரும்புனாரு" என்றேன்.

அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் மரமே ஆடியது. கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தார். நீயும் சிரித்தாய், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாய். உப்புத் தண்ணீர் தெறித்தது என்று வைத்துக்கொள்வோம்.

"என்ன எழுதட்டும்?" என்று சார் உன்னைக் கேட்டார்.

"ராஜா வந்தானா வர்லியா எனக்கு தெரியாது சார். எங்க நைனா வந்தாரு, திரும்பினாரு. அத்த எய்துங்க."

கரையில் நாட்டாமைப் பெரியவர் மறுபடி விசாரிக்கப்பட்டார். ராணியை வாபஸ் வாங்கிக்கொண்டார். கன்னியப்பன் மூன்றாவது ஆளாக வந்து உண்மையைச் சொன்னான், அவன் மூஞ்சி அவனைக் காட்டிக் கொடுக்கவில்லை. அந்த மேப் அச்சாகி வந்ததா, அதில் அந்தப் பேர் ஏறியதா என்று நாம் பார்த்ததில்லை. டெல்லியில் ஏதோ பெரிய மேசையில் விரித்து வைத்திருக்கிறார்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இருக்கலாம், யார் கண்டது?

அதற்குப் பிறகு உன் மரத்தில் நீயே கூவினாய். பந்தலில் என்னைக் கேலி செய்த கூட்டாளி இன்னொரு தரம் "பயந்தான் மருமவனே" என்றபோது, "ஆமாண்டா, இன்னா இப்ப?" என்று நான் நெஞ்சை நிமிர்த்தினேன். அவனுக்கு அப்புறம் அதில் ருசி இல்லாமல் போய்விட்டது. உன் பையன் பள்ளிக்கூடத்தில் என்ன ஆனான் என்றும் தெரியும். தாத்தா பேரில் ஒரு இடமே இருக்கிறது என்று அவன் பீற்றிக்கொண்டு திரிந்ததாக வாத்தியார் சொன்னார். அது என் பக்கத்து ரத்தம் இல்லை, என் சகவாசம்.

*

இதுவரை எழுதிவிட்டு டீ குடிக்க எழுந்தேன். "அண்ணனுக்கா எய்துறே?" என்றாள் உன் தங்கை. ஆமாம் என்றேன். "டெல்லி, ஆப்பிரிக்கான்னு எய்தாத. அதுக்குத் தெரியும்" என்றாள். எழுதிவிட்டேன், என்ன செய்வது?

டீ குடித்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் மறுபடி முனைப் பக்கம் போனேன். அந்தப் பலகையைத் தட்டிக் கேட்க ஓட்டல் முதலாளியைப் பார்ப்பது, நான்கு கேள்வி கேட்பது என்று ஒரு பெரிய பேச்சை மனதில் தயார் செய்துகொண்டு போனேன். முதலாளி ஊரில் இல்லை. நான் வருவது தெரிந்து போயிருக்கலாம்.

ஓட்டலில் தங்கிக் கடலில் குளிக்கிறவர்களைப் பார்த்துக்கொள்ள நம் குப்பத்து ஆட்கள் இரண்டு பேரை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். மஞ்சள் பனியன், கழுத்தில் விசில். அன்று பின்னால் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தானே அந்தப் புது மாப்பிள்ளை, ஒருவன் அவனுடைய மகன்தான். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் பாறை ஓரமாகத் தண்ணீரில் இறங்கியிருந்தது. புருஷனும் மச்சினனும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். வாலின் மேல் அந்தக் கோழி இறகு தெரிந்தது.

அந்த மகன் விசில் ஊதினான். காற்றில் அது பிசுபிசுத்துப் போயிற்று. இன்னொரு தரம் ஊதினான். அவர்கள் கையாட்டிச் சிரித்தார்கள், யாரோ உற்சாகப்படுத்துகிறான் என்று. அவன் விசிலைத் துப்பிவிட்டு இரண்டு கையையும் வாயருகே குவித்தான்.

"பயந்தா...ன்!"

அவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. ஆனாலும் திரும்பினார்கள் மச்சான். அந்த வார்த்தையைக் கூவுகிற விதத்திலேயே ஏதோ இருக்கிறது போலிருக்கிறது. இடுப்பளவு தண்ணீருக்கு வந்து சேர்ந்தபோது பின்னால் அலை உடைந்தது. அந்தம்மா கரையில் நின்று இரண்டு பேரையும் திட்டித் தீர்த்தாள்.

அந்தம்மாவின் வீட்டுக்காரர் துண்டைப் போர்த்திக்கொண்டு, பலகைக்குக் கீழே நின்ற என்னிடம் நடுங்கிக்கொண்டே வந்தார். "ஏனுங்க பெரியவரே, அந்தத் தம்பி யாரையோ கூப்பிட்டாரே, யாருங்க அது பயந்தான்?"

நல்ல ஆள் கிடைத்தான், நேரமும் இருக்கிறது, என்னைத் தடுக்க அங்கே நீயும் இல்லை. ராஜா வந்து பாறையில் நின்றுவிட்டார், நெத்திலி வாசனையே வந்துவிட்டது. எல்லாவற்றையும் அப்படியே விழுங்கிவிட்டேன். உட்கார வைத்துச் சொன்னேன். உன் நைனா திரும்பியதை, அன்று ஒன்றும் நடக்காததை, ஊர் சிரித்ததை, தன் பேரைத் தானே அவர் கூவிக்கொண்டு போனதை, அதற்கப்புறம் நீ கூவியதை, எது எப்படியோ அது அப்படி. அலையைக்கூட வீட்டு உயரம் என்றுதான் சொன்னேன். அந்தக் குடும்பம் முழுக்க ஈரத்தோடு நின்று கேட்டது. கடைசியில் அந்த மனிதர் கடலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பலகையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த ஒரு கதையை மட்டும் நான் ஒட்டுப் போடாமல் வைத்திருக்கிறேன் மச்சான். மற்றதெல்லாம் என் சரக்கு, இது உங்கள் வீட்டுச் சொத்து. மருமகன் கையில் கொடுத்திருக்கிறீர்கள், அப்படியே கைமாற்றிவிட்டுப் போக வேண்டும்.

அதில் ஒரே ஒரு இடத்தில்தான் கை நீண்டுவிட்டது. "அந்த மச்சான் எப்படி இருப்பாருங்க?" என்று அந்தம்மா கேட்டாள். நான் எழுந்து நின்று, என் தலைக்கு மேலே ஒரு சாண் உயர்த்திக் கையைக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே. அன்றைக்கு மரத்தின் மேல் நீ எழுந்து நின்று கூவியபோது, கீழே கவிழ்ந்து கிடந்த எனக்கு நீ அந்த உயரம்தான் தெரிந்தாய்.